மலையகப் பிள்ளைகள் பல்கலைக்கழகத்தில் சர்வதேச அரசியல் படிப்பதில் பயன் உண்டா?

கேள்வியில் இருந்த ஒரு சொல்லுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நுவரெலியா மாவட்டம், உயர்தரம் கலைப்பிரிவு, வெட்டுப்புள்ளி தாண்டிவிடும் போலிருக்கிறது, சர்வதேச அரசியல் படிக்க ஆசை. வீட்டிலோ "நமக்கெதுக்கு அது, பேசாம கல்வியியற் கல்லூரிக்குப் போ" என்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த "நமக்கெதுக்கு" எனக்கும் கிடைத்தது.

நீங்கள் தம்பியோ தங்கச்சியோ தெரியாது. வீடு எப்படி என்று மட்டும் சொல்லிவிடுவேன். அம்மா கொழுந்துக்குப் போவார். அண்ணனோ அக்காவோ கொழும்பில் கடையில் நிற்பார்கள். குடும்பத்தில் முதன்முதலாக டீச்சரான மாமா ஒருவர் இருப்பார்; அவர் சொன்னால் அதற்குமேல் பேச்சில்லை. அந்த மாமாவிடம் ஒன்றைக் கேட்டுப் பாருங்கள். பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி யார் உதவியில் எழும்பியது? ஜெர்மனி. தோட்டப் பாடசாலைகளில் கட்டிய புதுக் கட்டடங்களில் பலவற்றுக்குப் பணம் யார் தந்தது? சுவீடன், 'சீடா' திட்டத்தில். எங்கோ இருக்கும் ஒரு நாடு ஏன் நம் மலைக்கு வந்து பள்ளிக்கூடம் கட்டியது என்ற கேள்விதான் இந்தப் பாடம். கல்வியியற் கல்லூரியை நான் குறைத்துச் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நானே இன்று பாடசாலையில் அரசியல் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள்தான். "சர்வதேச அரசியல் படிச்சும் கடைசியில டீச்சர்தானே" என்று சிரிக்க வருகிறவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும்.

என் கதைக்கு வருகிறேன். எந்தப் பல்கலைக்கழகம் என்று சொல்ல மாட்டேன். இந்திய இலங்கை உறவு பற்றிய வகுப்பு. பலகையில் மூன்று ஆண்டுகள் எழுதினார்கள்: 1964 சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம், 1974 கச்சத்தீவு, 1987 இந்திய இலங்கை ஒப்பந்தம். கச்சத்தீவுக்கு முழு வகுப்பும் போனது. 1987க்கு அடுத்த வகுப்பு. 1964க்கு ஒரே வரி: "இரு நாட்டு நல்லுறவின் வெளிப்பாடு." கச்சத்தீவில் குடியிருப்பு கிடையாது, ஓர் அந்தோனியார் கோயில்தான் உண்டு. அந்த ஒரு வரியிலோ குடியுரிமை இல்லாத இந்திய வம்சாவளி மக்கள், பெரும்பாலும் நம் தோட்டத்து ஆட்கள், 9,75,000 பேர் இருந்தார்கள். அவர்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். 1974இல் அந்த மீதியையும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள்.

என் அப்பாயியின் அண்ணன் அந்தக் கணக்கில் போனவர். அட்டனில் கோச்சி ஏறி, தலைமன்னாரில் கப்பல் ஏறி, கடைசியில் நீலகிரியில் அரசாங்கத் தேயிலைத் தோட்டத்தில் கொண்டுபோய் விட்டார்கள். இங்கே தேயிலை, அங்கேயும் தேயிலை. இங்கே 'இந்தியாக்காரன்', அங்கே 'சிலோன்காரன்'.

நான் எழும்பிக் கேட்டேன்: "இந்த அஞ்சேகால் லட்சம் பேருகிட்ட யாராவது ஒரு வார்த்தை கேட்டாங்களா சார்?" வகுப்பில் சிலர் திரும்பிப் பார்த்தார்கள். விரிவுரையாளர் கோபப்படவில்லை. சர்வதேச அரசியலில் செயற்படுவோர் அரசுகள், மக்கள் என்பது உள்நாட்டு விடயம் என்று பொறுமையாக விளங்கப்படுத்தினார். அவர் சொன்னது யதார்த்தவாதக் கோட்பாட்டின்படி சரிதான், பரீட்சையில் எழுதினால் புள்ளி கிடைக்கும். எனக்குத்தான் அன்று இரவு விடுதியில் சோறு இறங்கவில்லை.

இறுதி ஆண்டு ஆய்வுக்கு அதையே எடுத்தேன். "இது சமூகவியல் தலைப்பு, அந்தத் துறைக்குப் போங்க" என்றார்கள். போகவில்லை. 1964இல் அந்த ஒப்பந்தம் ஏன் நடந்தது என்று தேடினேன். நேரு இருந்தவரை, இலங்கையிலேயே பிறந்து வாழ்கிறவர்கள் இலங்கையின் பொறுப்பு என்ற நிலையில்தான் டெல்லி நின்றது. இடையில் 1962இல் சீனாவோடு போர் வந்தது. சண்டையைத் தணிக்க அந்த ஆண்டு டிசம்பரில் அணிசேரா நாடுகள் ஆறைக் கொழும்பில் கூட்டியவர் அப்போதைய இலங்கைப் பிரதமர் சிறிமாவோ. போருக்குப் பிறகு அயல்நாடுகளைத் தன்பக்கம் வைத்திருக்க வேண்டிய தேவை டெல்லிக்கு வந்துவிட்டது. 1964 மே மாதம் நேரு காலமானார். அவருக்குப் பின் பிரதமரான சாஸ்திரி ஒக்டோபர் 30ஆம் திகதி கையெழுத்திட்டார். இமயமலையில் நடந்த சண்டைக்கும் அப்பாயியின் அண்ணன் அட்டனில் கோச்சி ஏறியதற்கும் தொடர்பு உண்டு என்று ஊரில் போய்ச் சொன்னேன். அப்பாயி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "சீனாக்காரனுக்கு எங்கண்ணன் என்னா செஞ்சாரு?" என்று கேட்டார். ஆய்வேட்டில் அதை எழுத விடவில்லை.

கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பல்கலைக்கழகம் போனால் உங்களுக்கும் இது நடக்கும். விடுமுறையில் என் வகுப்புத் தோழி கொழும்பில் தன் வீட்டுக்குக் கூட்டிப் போனாள். நல்ல சாப்பாடு, நல்ல மனிசர். நான் என்ன படிக்கிறேன் என்று அவளுடைய அம்மா அக்கறையாக விசாரித்தார். வெளிக்கிடும்போது கையைப் பிடித்துக்கொண்டு, "மகள், உங்கட தோட்டத்தில இருந்து வீட்டு வேலைக்கு நம்பிக்கையான பிள்ளை ஒண்டு எடுத்துத் தருவீங்களோ?" என்றார். எல்லாரும் அப்படி இல்லை என்று யாரும் கீழே வந்து எழுத வேண்டாம், எனக்கும் தெரியும். ஆனால் மலையகத்தில் இருந்து வந்து கொழும்பில் காலூன்றிய யாரிடமாவது கேட்டுப் பாருங்கள், இந்தக் கேள்வியைச் சந்திக்காத ஆள் அபூர்வம். டாக்டராக இருந்தாலும் கேட்பார்கள்.

சரி, வேலை. வெளிநாட்டுச் சேவைப் பரீட்சையில் எடுப்பது மிகச் சிலரைத்தான். அதை மட்டும் நம்பிப் படிக்காதீர்கள். மற்றபடி ஆசிரியர், அபிவிருத்தி உத்தியோகத்தர், தொண்டு நிறுவனம், பத்திரிகை என்று வேறு கலைப் பட்டதாரிகளுக்கு உள்ள கதவுகள்தான் இதற்கும். உண்மையைச் சொன்னால், வேலைக்காக மட்டும் என்றால் கணக்கியல் படித்தவர்கள் சுகமாக இருக்கிறார்கள்.

எனக்கு இதில் கிடைத்தது வேறு. ஈரானிடம் எண்ணெய் வாங்கிய கடன் 25.1 கோடி டொலர் இலங்கைக்கு நிலுவையாக இருந்தது. அமெரிக்கத் தடையால் வங்கி வழியாகக் கட்ட முடியவில்லை. மாதம் 50 இலட்சம் டொலர் பெறுமதியான தேயிலை அனுப்பி அடைப்பதாக 2021 டிசம்பரில் உடன்பட்டார்கள். அதே ஆண்டில்தான் இரசாயன உரத்துக்குத் தடை போட்டு, மலைகளில் கொழுந்து குறைந்ததும். இதை நான் வகுப்பில் சொன்னபோது கடைசி வாங்கில் இருந்த பையன், "அப்ப எங்கம்மாவுக்கு அரைப்பேர் போட்டதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கா டீச்சர்?" என்றான். எடுத்த கொழுந்து குறைந்தால் தோட்டத்தில் அரை நாள் சம்பளம்தான் போடுவார்கள், அதுதான் அரைப்பேர். அன்றைக்கு மணி அடித்த பிறகும் பிள்ளைகள் எழும்பவில்லை.

விண்ணப்பிக்கும்முன் ஒன்றைக் கவனியுங்கள். கொழும்புப் பல்கலைக்கழகத்தில் சர்வதேச உறவுகள் தனித்துறை. பேராதனையில் அது அரசியல் விஞ்ஞானத் துறைக்குள் வரும். எங்கே போனாலும் வாசிக்க வேண்டியதில் பெரும்பகுதி ஆங்கிலத்தில்தான் இருக்கும், தமிழில் கையேடுகளைத் தாண்டி அதிகம் கிடைக்காது. உயர்தரப் பெறுபேறு வந்து அனுமதி கிடைக்கும்வரை மாதக்கணக்கில் வீட்டில் இருப்பீர்கள் அல்லவா, அந்த இடைவெளியில் தினமும் ஆங்கிலப் பத்திரிகையின் வெளிநாட்டுச் செய்திப் பக்கத்தை அகராதியோடு வாசித்துப் பழகுங்கள். முதல் ஆண்டில் என்னோடு இருந்த தோட்டத்துப் பிள்ளைகள் சிலர் பாடத்தை மாற்றிக்கொண்டது பாடம் கஷ்டம் என்பதால் அல்ல, அந்த வாசிப்பு ஓடாததால்தான்.