கச்சான் அலர்ஜி உள்ள பிள்ளையோடு விமானத்தில் போகும்போது எபிபென் ஊசியைக் கைப்பையில் கொண்டு போகலாமா?

கேட்டவர் முல்லைத்தீவிலிருந்து எழுதியிருக்கிறார். ஏழு வயது மகனுக்குக் கச்சான் (நிலக்கடலை) ஆகாது. கட்டுநாயக்காவிலிருந்து லண்டன் போகிறார்கள். அங்கேயிருந்து மாமா கொண்டு வந்து தந்த எபிபென், அதாவது கடும் அலர்ஜிக்குப் போடுகிற பேனா மாதிரியான அட்ரினலின் ஊசி, இரண்டு கையில் இருக்கிறது. "ஊசி என்று சொல்லி செக்யூரிட்டியில் பறித்து விடுவார்களா? பேசாமல் பெரிய பெட்டிக்குள் போட்டு விடவா?" என்பதுதான் கேள்வி. விமானத்தில் மகனுக்குப் பக்கத்தில் சீட் கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்றும் கேட்டிருக்கிறார்.

பறிக்க மாட்டார்கள். பெரிய பெட்டிக்குள் போடவே வேண்டாம். நேரடிக் கேள்விக்குப் பதில் இவ்வளவுதான். ஆனால் என் மகளுக்கும் இதே கச்சான் அலர்ஜி. கிளிநொச்சியிலிருந்து அவளையும் ஊசியையும் கூட்டிக்கொண்டு பறந்து வந்தவள் என்ற முறையில் சொல்கிறேன், செக்யூரிட்டிதான் இந்தப் பயணத்தில் சின்னத் தலையிடி. அதற்கு முன்னும் பின்னும்தான் கவனிக்க வேண்டியவை இருக்கின்றன.

முதலில் அந்தப் பெட்டி விஷயம். விமானம் மேலே போன பிறகு வயிற்றுக்குள் கிடக்கிற பெட்டியை யாராலும் திறந்து எடுத்துத் தர முடியாது. மூச்சு அடைக்கத் தொடங்கினால் உங்களுக்கு இருப்பது நிமிடக் கணக்கு. பெட்டி வேறு ஊருக்குப் போய்ச் சேர்ந்தால் இறங்கிய பிறகும் ஊசி இல்லை. இன்னொன்று சூடும் குளிரும். எபிபென் 20 முதல் 25 பாகை செல்சியஸில் இருக்க வேண்டிய மருந்து. இடையில் கொஞ்ச நேரம் 15 வரை இறங்கலாம், 30 வரை ஏறலாம். உறையக் கூடாது, பிரிட்ஜில் வைக்கவும் கூடாது. பெட்டிகள் போகிற இடத்தில் எவ்வளவு குளிர் இருக்கும் என்பது உங்கள் கையில் இல்லை.

அந்த 30 என்ற எண்ணை வன்னியில் இருந்துகொண்டு யோசித்துப் பாருங்கள். சித்திரை, வைகாசியில் நிழலிலேயே அதைத் தாண்டும். வானை வெயிலில் நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போனால் டாஷ்போர்டில் கை வைக்க முடியாது. வழியில் எடுக்கச் சுகம் என்று ஊசிப் பையை முன் கண்ணாடிக்குக் கீழே வைக்கிற ஆட்களைப் பார்த்திருக்கிறேன். வேண்டாம். சாப்பிட இறங்கினால் பையும் உங்களோடு இறங்க வேண்டும். ஐஸ் பெட்டிக்குள் போடலாமா என்று கேட்பார்கள், அதுவும் கெடுதல்தான். இன்சுலின் பாவிப்பவர்கள் தண்ணீரில் நனைத்து வைத்திருக்கும் குளிர்பை ஒன்று உண்டு. வெளிநாட்டில் சொந்தக்காரர் இருந்தால் அதைக் கேட்டு வாங்குங்கள். இல்லாவிட்டால் பருத்தித் துணியில் சுற்றி, ஏசி படுகிற இடத்தில் மடியில் வைத்திருந்தாலே போதும். ஊசியின் பக்கத்தில் சின்னக் கண்ணாடிச் சன்னல் இருக்கிறது அல்லவா? வெளிக்கிட முன் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மருந்து தண்ணீர் போலத் தெளிவாக இருக்க வேண்டும். பழுப்பு நிறம் தட்டியிருந்தால் அந்த ஊசியை நம்பிப் போகக் கூடாது. காலாவதி மாதத்தையும் அப்போதே பாருங்கள், திரும்பி வரும் நாள் வரைக்கும் தாங்குமா என்று.

பாதை பற்றி இன்னொரு சங்கதி. எங்களைப் போல கிளிநொச்சியிலிருந்து ஏ9இல் இறங்கினால் முறிகண்டியில் நிற்காமல் எந்த டிரைவரும் போக மாட்டார். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கற்பூரம் கொளுத்தி, கையோடு ஒரு சரை கச்சான். எங்கள் வானில் நான் முதலே சொல்லி வைத்தேன், "அண்ணா, கும்பிடுவோம், ஆனால் இந்தப் பயணத்தில் கச்சான் வேண்டாம்." அவர் சிரித்துவிட்டு ஒப்புக்கொண்டார். வழியனுப்ப வந்த அம்மம்மாதான் முந்தானையில் முடிந்து கொண்டு வந்திருந்தார். நீங்கள் ஒட்டுசுட்டான், மாங்குளம் என்று வந்தால் முறிகண்டி தப்பும், அம்மம்மா தப்ப மாட்டார். எயார்போட்டுக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் முதலே சொல்லுங்கள். கச்சான் கோதை உரித்த கையால் பிள்ளைக்கு ஒரு துண்டு பாண் கொடுத்தாலும் சில பிள்ளைகளுக்கு அது போதும். வழியில் ஏதும் நடந்தால் ஊசியைப் போட்ட கையோடு 1990க்கு அடியுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ், காசில்லை.

இனிக் கடிதம். டாக்டரிடம் ஆங்கிலத்தில் ஒரு பக்கக் கடிதம் வாங்குங்கள். அதில் இருக்க வேண்டியது: பாஸ்போட்டில் உள்ளபடியே பிள்ளையின் முழுப்பெயர், எதற்கு அலர்ஜி, மருந்தின் பெயர், எத்தனை ஊசி, இது எந்த நேரமும் பிள்ளையோடு கபினில் இருக்க வேண்டும் என்ற வசனம், டாக்டரின் கையெழுத்து, மருத்துவ சபைப் பதிவு எண்ணோடு ரப்பர் முத்திரை. மருந்தின் பெயரை அட்ரினலின் என்றும் எபிநெப்ரின் என்றும் இரண்டு விதமாகவும் எழுதச் சொல்லுங்கள். பிரிட்டனில் முதலாவது, அமெரிக்காவில் இரண்டாவது, மருந்து ஒன்றுதான். பெயர் விஷயத்தில் எங்கள் ஆட்களுக்குத் தனிச் சிக்கல் இருக்கிறது. கிளினிக் கொப்பியில் ஒரு எழுத்துக்கூட்டல், பிறப்புச் சான்றிதழில் இன்னொன்று, பாஸ்போட்டில் தகப்பன் பெயர் முன்னுக்கு. கடிதம் பாஸ்போட்டைப் பார்த்து எழுதப்பட வேண்டும். ஆஸ்பத்திரியில் தந்த டயக்னோசிஸ் காட் இருந்தால் அதன் போட்டோப் பிரதியும் கூட இருக்கட்டும்.

மாமா கொண்டு வந்த ஊசிப் பெட்டியில் வேறு யாருடைய பெயராவது ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். பிரிட்டனில் இது டாக்டரின் மருந்துத் துண்டுக்கு மட்டும் கொடுக்கிற மருந்து, ஆகவே பெட்டியில் நோயாளியின் பெயர் ஒட்டியிருக்கும். மச்சானின் மகள் பெயரில் உள்ள ஊசியை உங்கள் மகனுக்கு என்று காட்டினால் தேவையில்லாத கேள்வி வரும். கனடாவில் துண்டு இல்லாமலே பாமசியில் கேட்டு வாங்கலாம், அங்கே உறவு இருப்பவர்களுக்கு அந்த வழி சுலபம். எங்கிருந்து வந்தாலும் அளவைப் பாருங்கள். 0.15 மில்லிகிராம் சின்னப் பிள்ளைகளுக்கு, 0.3 பெரியவர்களுக்கு. எந்த நிறையில் மாற்றுவது என்பதை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

சரி, செக்யூரிட்டி. கட்டுநாயக்காவில் கட்டடத்துக்குள் நுழையும்போதே ஒருமுறை பொதிகள் எக்ஸ்ரேக்குள் போகும். பிறகு விமானம் ஏறுகிற கேற்றடியில் இன்னொரு முறை. நடுவில் டோகாவிலோ துபாயிலோ மாறினால் அங்கேயும் ஒன்று. எக்ஸ்ரே இந்த மருந்தைக் கெடுக்காது. கைப்பையில் திரவம் கொண்டு போவதற்கான 100 மில்லிலீற்றர் விதி பற்றியும் பயப்பட வேண்டாம். அந்த விதி 2006 ஓகஸ்டில் லண்டனில் திரவ வெடிபொருள் சதி பிடிபட்ட பிறகு வந்தது, மருந்துக்கு அதில் விலக்கு இருக்கிறது. ஊசிக்குள் இருப்பதோ 2 மில்லிலீற்றர் அளவு. பிள்ளையின் அலர்ஜிச் சிரப் போத்தல் பெரிதாக இருந்தால்தான் கடிதத்தைக் காட்டிச் சொல்ல வேண்டி வரும்.

இங்கே நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது, அவர்கள் கேட்க முன் நீங்கள் சொல்லுங்கள். எங்கள் சனத்துக்கு இது லேசில் வராது. போர்க்காலத்தில் ஓமந்தைச் சோதனைச்சாவடியில் பொதி அவிழ்த்துக் காட்டி, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லி, மிச்சத்துக்கு வாயை மூடிக்கொண்டு வந்தவர்கள் நாங்கள். வன்னிக்குள் மருந்து வருவதற்கே கட்டுப்பாடு இருந்த காலத்தைப் பார்த்தவர்களுக்கு, மருந்தைச் சீருடைக்காரரிடம் தானாகக் காட்டுவது என்றால் நெஞ்சு இடிக்கும். என் அம்மா "உடுப்புக்குள் சுற்றி வையடி, தெரியாது" என்றுதான் சொன்னார். சுற்றி வைத்தால்தான் சந்தேகம் வரும். ஊசி, கடிதம், சிரப் எல்லாவற்றையும் சிப் வைத்த கண்ணாடிப் பை ஒன்றில் போட்டு, தட்டில் தனியாக வைத்துவிட்டு, "அலர்ஜி மெடிசின், எபிபென்" என்று சொன்னால் போதும். சிங்களத்தில் சொல்ல விரும்பினால் "மேக்க பெஹெத், லமயாட்ட அலர்ஜி தியெனவா." என் சிங்களம் அவ்வளவுதான், அது வேலை செய்தது.

எங்களுக்கு ஒரு இடத்தில் பையை ஒதுக்கி வைத்தார்கள். திரையைப் பார்த்துக்கொண்டிருந்த தங்கச்சி ஊசியின் நடுவில் தெரிந்த சுருள் கம்பியைக் காட்டி என்னவென்று கேட்டாள். கடிதத்தைக் கொடுத்தேன். விரலை வைத்து வரி வரியாக வாசித்தாள். வெள்ளைத் துணித் துண்டு ஒன்றால் பையைத் துடைத்து மெஷினுக்குள் விட்டாள், வெடிமருந்துத் தூள் இருக்கிறதா என்று பார்க்க. பிறகு ஊசியைக் கையில் எடுத்து நீல மூடியைத் திருகப் போனாள். அப்போதுதான் நான் குரலை உயர்த்தினேன். அந்த நீல மூடி பாதுகாப்புப் பூட்டு. அது கழன்ற பிறகு செம்மஞ்சள் முனை எதிலாவது அழுந்தினால் ஊசி பாய்ந்துவிடும், பெருவிரலில் பாய்ந்து ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் இருக்கிறார்கள். எந்த அதிகாரியும் பார்க்கலாம், மூடியைக் கழற்ற மட்டும் விடாதீர்கள். மரியாதையாகச் சொன்னால் கேட்பார்கள். அவளும் "ஐயோ" என்று உடனே கீழே வைத்துவிட்டாள்.

எபிபென் கிடைக்காதவர்களும் இதை வாசிப்பீர்கள். கிளிநொச்சியில் நான் ஏறி இறங்கிய பாமசிகளில் அது இருக்கவில்லை. சில டாக்டர்மார் கண்ணாடிக் குப்பி அட்ரினலினும் சிறிய சிரிஞ்சும் தந்து, போடப் பழக்கி விடுவார்கள். அதையும் கபினுக்குள் கொண்டு போகலாம். ஆனால் அங்கே கடிதம் இல்லாமல் நடக்காது, வெறும் ஊசியும் சிரிஞ்சும் என்றால் கேள்வி வரத்தான் செய்யும். குப்பி உடையாமல் கெட்டியான சின்ன டப்பாவுக்குள் வையுங்கள், லேபலைக் கிழிக்க வேண்டாம்.

பழகுவதற்கென்று தருகிற ஊசியில்லாத டம்மி பேனாவை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள். பதற்றத்தில் கை எதை எடுக்கும் என்று சொல்ல முடியாது.

விமானத்துக்குள் பையை மேல்தட்டில் ஏற்றாமல் முன் சீட்டுக்குக் கீழே வையுங்கள், அல்லது இடுப்பில் கட்டுங்கள். பலாலியிலிருந்து சென்னைக்குப் போகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். அது சின்ன விமானம், கைப்பெட்டி பெரிதென்றால் வாசலிலேயே வாங்கிக் கீழே போட்டுவிடலாம். அந்தப் பெட்டியோடு ஊசியும் போய்விடக் கூடாது. ஏறியவுடன் பணிப்பெண்ணிடம் பிள்ளையின் அலர்ஜியைச் சொல்லுங்கள், சீட்டையும் சாப்பாட்டுத் தட்டையும் ஈரத்துணியால் துடையுங்கள். விசேட சாப்பாடு முன்கூட்டியே கேட்டிருந்தாலும் நான் வீட்டுப் புட்டைத்தான் நம்பினேன். விமானத்தின் மருத்துவப் பெட்டியில் அட்ரினலின் இருக்கும், ஆனால் அது பெரும்பாலும் குப்பியில், டாக்டர் ஒருவர் பயணிகளுக்குள் இருந்தால் பாவிக்க என்று வைத்தது. அதை நம்பி உங்கள் ஊசியைக் குறைக்க வேண்டாம். இரண்டும் கூட வரட்டும், ஏனென்றால் முதல் ஊசிக்குப் பிறகு ஐந்து நிமிடத்தில் முன்னேற்றம் இல்லாவிட்டால் இரண்டாவதைப் போட வேண்டி வரலாம். போடுவது தொடையின் வெளிப்பக்கத்தில், காற்சட்டைக்கு மேலாலேயே போடலாம். போட்ட பிறகு படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள், மூச்சு எடுக்கக் கஷ்டப்பட்டால் மட்டும் இருத்தி வையுங்கள். பிரிட்டோன் (Piriton) என்ற அலர்ஜிக் குளிசை கொடுத்துப் பார்ப்போம் என்று காத்திருக்கக் கூடாது, அது தடிப்புக்கும் அரிப்புக்கும்தான் உதவும்.

அப்புறம், சீட் பிரிந்து போனால் என்ன செய்வது என்றும் கேட்டிருந்தீர்கள். செக்கின் கவுண்டரிலேயே கடிதத்தைக் காட்டிக் கேளுங்கள், சின்னப் பிள்ளை என்பதால் பெரும்பாலும் பக்கத்தில் போட்டுத் தருவார்கள். அப்படியும் கிடைக்காவிட்டால் ஊசிப் பை உங்களோடு அல்ல, மகனோடு போக வேண்டும். அவனுக்குப் பக்கத்தில் இருக்கிற பெரியவரிடம் பையைத் திறந்து காட்டி, நீலம் எது, செம்மஞ்சள் எது என்று விமானம் கிளம்ப முன்னே சொல்லிக் கொடுத்து விடுங்கள்.