போன் பார்த்துக்கொண்டே கார் ஓட்டுபவர்களிடமிருந்து பைக்கில் போகும் நாம் எப்படித் தப்பிப்பது?

வேலூர் கிரீன் சர்க்கிளைத் தினமும் பைக்கில் கடப்பவன் சொல்கிறேன்: இண்டிகேட்டரை நம்பாதீர்கள், காரின் முன்சக்கரத்தைப் பாருங்கள். எந்தப் பக்கம் வரப்போகிறது என்பதை அதுதான் முதலில் காட்டிக்கொடுக்கும். கார் லேனுக்குள்ளேயே அலைகிறதா, பச்சை விழுந்தும் நகரவில்லையா? பெரும்பாலும் கையில் போன் இருக்கும். 60 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு நொடி திரையைப் பார்த்தால், சுமார் 33 மீட்டர் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியதற்குச் சமம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-ஆம் பிரிவில் அது குற்றம்தான். ஆனால் இடிபட்ட பிறகு சட்டம் பேசி என்ன பயன்? காரின் சைடு மிரரில் டிரைவர் முகம் தெரியவில்லை என்றால் நீங்களும் அவர் கண்ணில் படவில்லை. சண்டைக்குப் போகாமல் பின்தங்கிவிடுங்கள். அப்புறம், சர்வீஸ் ரோட்டில் எதிர்த்திசையில் வருபவர்கள் தனி ரகம். அங்கே இடது கை கிளட்சிலும் வலது கை பிரேக்கிலும் தயாராக இருக்கட்டும்.