என்னைவிட வயதில் சிறிய சூப்பர்வைசர் எதற்கெடுத்தாலும் கத்துகிறார், வேலையை விட்டுவிடலாமா?

நாகர்கோவிலில் ஒரு ஜவுளிக்கடையில் 9 வருடம் சேலைப் பிரிவில் நின்றவள் நான். உங்கள் சூப்பர்வைசர் வாடிக்கையாளர் முன்னாலேயே கத்துகிறார், எதிர்த்துப் பேசினால் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறார், காலையில் சொன்னதைச் சாயங்காலம் சொல்லவே இல்லை என்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். படித்ததும் எங்கள் மாடிக்கு சூப்பர்வைசராக வந்தவர்தான் ஞாபகத்துக்கு வந்தார். அவருக்கு அப்போது 24 வயது, எனக்கு 37. முதலாளி வீட்டுச் சொந்தம். மனசு சரியாக இருந்தால் என்னை "அக்கா" என்பார், கோபம் வந்தால் "இந்தாம்மா". நான் எப்போதும் "சார்" தான்.

கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழா நேரம். டிசம்பர் 3 மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை. அதற்கு முந்தின நாட்களில் கடையில் கால் வைக்க இடம் இருக்காது. குளச்சல் பக்கமிருந்து ஒரு குடும்பம் கல்யாணச் சேலை எடுக்க வந்தது. 43 சேலை விரித்தேன். பெண்ணின் அம்மா அரக்கு நிறத்தில் ஒன்றைத் தனியாக எடுத்து வைக்கச் சொல்லிவிட்டு, "மாமியாரையும் கூட்டிட்டு நாளைக்கு வாறோம் மக்ளே" என்றார். அவர்கள் படி இறங்கவில்லை, அதற்குள் இவர் கத்தினார்: "இத்தனையும் விரிச்சுப் போட்டு ஒரு பில்லுகூட இல்லியா? விக்கத் தெரியலேன்னா வீட்டுல இருக்க வேண்டியதுதானே!" அந்த அம்மா திரும்பிப் பார்த்தார். எனக்குத் தாங்கவில்லை. "நீங்க ஒரு பட்டுச்சேலைய மடிச்சுக் காட்டுங்க சார், அப்புறம் பேசுவோம்" என்று சொல்லிவிட்டேன். பக்கத்தில் நின்ற பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள்.

மறுநாளே என்னைக் குடோனுக்கு மாற்றினார்கள். கிறிஸ்மஸ் மாத இன்சென்டிவ் முழுவதும் போயிற்று. நான் சொன்னது நியாயம்தான். ஆனால் சொன்ன இடம் தப்பு. இப்படிப்பட்டவர்களுக்கு நாலு பேர் முன்னால் வாய் திறக்காதீர்கள். பில் கவுண்டர் அடைத்த பிறகு தனியாகப் போய், "சார், கஸ்டமர் முன்னால சத்தம் போட்டா அவங்க நாளைக்கு வரமாட்டாங்க" என்று வியாபாரத்தை வைத்துப் பேசுங்கள். உங்கள் வருத்தத்தை வைத்துப் பேசினால் காதில் ஏறாது.

குடோனில்தான் எனக்கு ஒன்று புரிந்தது. முதலாளியிடமிருந்து போன் வந்தால் அவர் அங்கேதான் வந்து பேசுவார். மதியம் 12 மணிக்கு ஒன்று, சாயங்காலம் 6 மணிக்கு ஒன்று. என்ன போயிருக்கிறது, ஏன் போகவில்லை என்று அந்தப் பக்கம் கேள்வி. இவர் அட்டைப்பெட்டியை நகத்தால் சுரண்டிக்கொண்டே "பாக்கேன், பாக்கேன்" என்பார். சொல்ல அவர் கையில் ஒன்றும் இருக்காது. பேசி முடித்து மாடிக்குப் போனதும் சத்தம் கேட்கும்.

மறுபடியும் சேலைப் பிரிவுக்கு வந்ததும் தினமும் பதினொன்றேமுக்காலுக்குப் பில் புத்தகத்தின் பின் தாள் ஒன்றைக் கிழித்து அவர் கையில் கொடுக்க ஆரம்பித்தேன். எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பில், எதைக் கேட்டு இல்லாமல் திரும்பிப் போனார்கள். மூன்றாவதுதான் முக்கியம். "ரோஸ் நிறத்தில் சாஃப்ட் சில்க், 6 பேர் கேட்டார்கள், ஸ்டாக் இல்லை" என்று எழுதியிருந்ததை அவர் அப்படியே போனில் வாசித்ததை நானே கேட்டேன். பன்னிரண்டு மணிச் சத்தம் முக்கால்வாசி குறைந்தது. ஒரே நாளில் இல்லை, ஒரு மாதம் ஆனது. உங்கள் ஆள் எந்த நேரத்தில் கத்துகிறார், அதற்கு முன்னால் என்ன நடக்கிறது என்று ஒரு வாரம் கவனியுங்கள். சொன்னதை மாற்றிப் பேசுவதற்கு, சொன்ன உடனே "சரி சார், இன்னின்னதைச் செய்கிறேன்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பி வையுங்கள்.

இதெல்லாம் அவருடைய குணத்துக்கு. உட்காரும் உரிமை, வார விடுமுறை, சம்பளம் இவற்றில் கை வைத்தால் பொறுத்துப் போகாதீர்கள். எங்கள் மாடியில் இருந்த ஒரே ஸ்டூலையும் "சோம்பேறித்தனம் வருது" என்று எடுத்துவிட்டார். காலையிலிருந்து ராத்திரி வரை நின்று, பாத்ரூம் போக விடமாட்டார்கள் என்று தண்ணீரும் குடிக்காமல், எத்தனையோ பிள்ளைகளுக்குக் காலில் நரம்பு சுருண்டுவிட்டது, சிறுநீர்த் தொற்று வந்துவிட்டது. 1947 ஆம் வருடத்துத் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021 இல் திருத்தம் கொண்டுவந்து, எல்லா ஊழியருக்கும் இருக்கை கட்டாயம் என்று ஆக்கியிருக்கிறார்கள். களியக்காவிளை தாண்டினால், கேரளத்தில் 2018 இலேயே வந்துவிட்டது. ஜவுளிக்கடைப் பெண்கள் போராடி வாங்கியது அது. நாங்கள் நாலு பேர் அந்தத் திருத்தத்தைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு, அவரிடம் போகாமல் நேரே மேனேஜரிடம் போனோம். இரண்டு வாரத்தில் மாடிக்கு மூன்று ஸ்டூல் வந்தது. 11 பேருக்கு மூன்று போதாதுதான். கேட்காத கடைகளுக்குத் தொழிலாளர் துறை இருக்கிறது.

கையைப் பிடிப்பது, இரட்டை அர்த்தத்தில் பேசுவது, ராத்திரியில் தப்பாக மெசேஜ் அனுப்புவது என்று போனால் அதை முதிர்ச்சியின்மை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வேலை செய்யும் இடத்தில் பெண்களுக்கு நடக்கும் பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013 ஆம் வருடச் சட்டப்படி 10 பேருக்குக் குறையாமல் வேலை பார்க்கும் இடத்தில் உள் புகார்க் குழு இருக்க வேண்டும். இல்லாத இடங்களுக்கு மாவட்ட அளவில் குழு உண்டு. நடந்ததிலிருந்து 3 மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். பெண்கள் 181 க்கும் கூப்பிடலாம்.

விட்டுவிடலாமா என்று கேட்டீர்கள். ராத்திரி தூக்கம் போய், காலையில் பஸ் ஏறும்போதே வயிறு கலங்குகிறது என்றால் விடுங்கள். என்னோடு நின்ற ஒரு தங்கச்சி அப்படித்தான் போனாள், இப்போது நன்றாக இருக்கிறாள். ஆனால் கோபத்தில் இன்றைக்கே எழுதிக் கொடுக்காதீர்கள். முதலில் வேறு இடத்தை உறுதி செய்துகொள்ளுங்கள். அனுபவச் சான்றிதழை மேனேஜரிடம் கையெழுத்தோடு வாங்குங்கள். பிஎஃப் பிடிக்கிறார்கள் என்றால் உங்கள் யுஏஎன் (பிஎஃப் கணக்குக்கான எண்) வைத்து ஆன்லைனில் பாஸ்புக்கைத் திறந்து ஒவ்வொரு மாதமும் கட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். வேலையை விட்டு வெளியேறிய தேதியை அவர்கள் பிஎஃப் கணக்கில் பதியாமல் இழுத்தடித்தால், இரண்டு மாதம் கழித்து நாமே ஆன்லைனில் பதிந்துகொள்ளலாம்.