அப்பா வரமாட்டேங்கிறார், அம்மா எதுவும் சொல்லல

கேள்வி: அக்கா, வணக்கம். நான் டொரான்டோல ஸ்கார்பரோங்கிற இடத்துல இருக்கேன், கனடா வந்து 9 வருஷம் ஆச்சு. வீட்டுக்கு ஒரே பையன். அப்பாவுக்கு 76 வயசு, தபால் ஆபீஸ்ல வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர், ஸ்டென்ட் வச்சிருக்கு. அம்மாவுக்கு 70, சுகர். ரெண்டு பேரும் கும்பகோணத்துல சொந்த வீட்டுல தனியா இருக்காங்க. போன மாசம் அம்மா பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டாங்க. அப்பா அதை நாலு நாள் கழிச்சுதான் என்கிட்ட சொன்னார். அன்னிலேர்ந்து எனக்கு ராத்திரி தூக்கமே இல்ல. டிசம்பர்ல எங்களுக்கு ரெண்டாவது குழந்தை வருது, அதுக்குள்ள சூப்பர் விசால (அப்பா அம்மா வந்து ரொம்ப நாள் தங்க கனடா கொடுக்கிற விசா) ரெண்டு பேரையும் கூட்டிட்டு வந்து கூடவே வச்சுக்கலாம்னு பார்க்கிறேன். அப்பா வரமாட்டேங்கிறார். அம்மா எதுவும் சொல்லல. மாமா, வீட்டை வித்து பேங்க்ல போடுங்கிறார். மனைவி, "வரட்டும், ஆனா எவ்வளவு நாள்னு சொல்லுங்க"ன்னு கேக்கிறா. அப்படி கேட்டதே எனக்கு கஷ்டமா இருக்கு. என்ன பண்ணட்டும்?
பெயர் வேண்டாம், ஸ்கார்பரோ

பதில்: தம்பி, உங்க லெட்டரை மூணு தடவை படிச்சேன். முதல் தடவை படிக்கிறப்ப ஒரு பையனோட பயம்தான் தெரிஞ்சுது, நாலு நாள் கழிச்சு விஷயம் தெரிய வந்தா யாருக்குத்தான் தூக்கம் வரும். மூணாவது தடவைதான் அந்த டிசம்பர் கண்ணுல பட்டுச்சு. அம்மா விழுந்ததும் டெலிவரியும் ஒரே லெட்டர்ல, ஒரே பேச்சுல வருது பாருங்க. அவங்களைப் பார்த்துக்கிறதுக்காக கூப்பிடுறீங்களா, இல்ல குழந்தையைப் பார்த்துக்க ஆள் வேணும்னு கூப்பிடுறீங்களா? ரெண்டும் சேர்ந்துதான் இருக்கும், அதுல தப்பே இல்ல, எல்லா வீட்டுலயும் நடக்கிறதுதான். ஆனா விழுந்து எழுந்த 70 வயசு அம்மாவை "உங்களைப் பார்த்துக்கிறோம் வாங்க"ன்னு கூப்பிட்டு, வந்த மூணாவது வாரம் ராத்திரி ரெண்டு மணிக்கு கையில குழந்தையைக் கொடுத்தா, அவங்க வாயைத் திறந்து ஒண்ணும் சொல்லமாட்டாங்க, இப்ப எப்படி ஒண்ணும் சொல்லாம இருக்காங்களோ அதே மாதிரி. அதனால இந்த ரெண்டையும் முதல்ல பிரிச்சுடுங்க.

டெலிவரிக்கு வேற ஏற்பாடு பண்ணுங்க. நீங்க இருக்கிறது ஸ்கார்பரோ தம்பி, பத்தியச் சாப்பாடு செஞ்சு கொடுக்கிற ஈழத்து அக்காங்களை விசாரிச்சா கிடைப்பாங்க, பிள்ளை பெத்தவங்களுக்கு சமைக்கிற சரக்குத்தூளையே தமிழ்க் கடைல பாக்கெட்ல வச்சிருக்கான். உங்க மனைவியோட அம்மா பத்தி லெட்டர்ல ஒரு வார்த்தை இல்ல, அவங்களால வர முடியுமான்னும் கேட்டுப் பாருங்க. உங்க அப்பா அம்மா முதல் தடவை வர்றது மே மாசமா இருக்கட்டும். டிசம்பர் கடைசில இங்க சூரியன் ஏழே முக்காலுக்கு மேல எழுந்து அஞ்சு மணிக்குள்ள போயிடும், வெளில பிளாக் ஐஸ் (ரோட்டுல கண்ணுக்கே தெரியாம உறைஞ்சு கிடக்கிற பனி), பாத்ரூம்ல வழுக்கி விழுந்தவங்களை அதுக்குள்ள கொண்டு வந்து இறக்காதீங்க. மே மாசம் வந்தா பார்க்ல நடக்கலாம், பக்கத்து வீட்டுல யார் இருக்காங்கன்னு தெரியும், பஸ் எங்க நிக்குதுன்னு பழகும், அதுக்கப்புறம் குளிர் வந்தா ஒரு மாதிரி தாங்கிடுவாங்க.

இப்ப என் கதை கொஞ்சம். நான் மார்க்கம்ல இருக்கேன், 2014-ல மன்னார்குடிலேர்ந்து எங்கம்மாவை இதே சூப்பர் விசால கூட்டிட்டு வந்தேன். ரூம் ரெடி, மெத்தை ரெடி, தமிழ் சேனல் ரெடி, சாமி ஸ்டாண்டுக்குக் கூட மேலே சின்ன லைட் போட்டு வச்சேன். ஒண்ணு மட்டும் யோசிக்கவே இல்ல, பகல். காலைல எட்டரைக்கு நாங்க எல்லாரும் கிளம்பிடுவோம், அப்புறம் அம்மா தனியா. ஊர்ல இருக்கிற அவங்க தங்கச்சிக்கு போன் போடலாம்னா குளிர்காலத்துல நம்ம எட்டரை ஊர்ல ராத்திரி ஏழு, அங்க சீரியல் டைம், "அப்புறம் பேசறேன்க்கா"ன்னு வச்சிடுவாங்க. சீரியல் முடிஞ்சு இவங்க கூப்பிடலாம்னு பார்த்தா அங்க படுக்கிற நேரம். சாயங்காலம் நான் வந்து "இன்னிக்கு என்னம்மா பண்ணே"ன்னு கேட்டா, "மூணேகாலுக்கு மஞ்சள் பஸ் வந்துது"ம்பாங்க. அவ்வளவுதான், முழு நாளுக்கும் அது ஒண்ணுதான் சேதி. பதினோரு மாசம் இருந்தாங்க, ஒரு நாள் கூட குறை சொல்லல. ஊருக்கு டிக்கெட் போட்டேன்னு சொன்ன அன்னிக்குத்தான் சமையக்கட்டுல பாட்டு முணுமுணுத்தாங்க, அதைக் கேட்டு நான் பாத்ரூம்ல போய் அழுதது வேற விஷயம்.

உங்க அப்பா வரமாட்டேங்கிறதை பிடிவாதம்னு எடுத்துக்காதீங்க. அவருக்கு கும்பகோணத்துல ஒரு நாள் எப்படிப் போகுதுன்னு ஒரு பேப்பர்ல எழுதிப் பாருங்க. காலைல எங்க காபி, பேப்பரை யார் கூடப் படிச்சு சண்டை போடுவார், மகாமகக் குளத்தை எத்தனை சுத்து, கும்பேஸ்வரன் கோயிலா சாரங்கபாணியா, காய்காரம்மாகிட்ட பேரம் அம்மாவா அப்பாவா. எழுத முடியலன்னா போன் பண்ணிக் கேளுங்க, ஒன்பது வருஷமா உடம்பு எப்படி, மாத்திரை போட்டியான்னுதான் கேட்டிருப்பீங்க (நாங்களும் அப்படித்தான்). எழுதினதும் அதுக்குப் பக்கத்துல, ஸ்கார்பரோல அதே நேரத்துக்கு அவர் என்ன பண்ணுவார்னு எழுதுங்க. காலியா இருக்கிற இடம் எல்லாம் நீங்க நிரப்ப வேண்டிய இடம்.

நிரப்ப முடியாதுன்னு இல்ல. உங்க இடம் அதுக்கு நல்ல இடம்தான், இதையே நீங்க ஆள் நடமாட்டம் இல்லாத ஏதோ புது லேஅவுட்லேர்ந்து எழுதியிருந்தா வேணாம்னே சொல்லியிருப்பேன். டொரான்டோ பொது நூலகத்துல தமிழ்ப் புத்தகம் இருக்கு, கார்டு இலவசம். 65 தாண்டினவங்களுக்கு பஸ்ல கட்டணம் கம்மி, பிரெஸ்டோ கார்டு (பஸ்ல தட்டி கட்டணம் கட்டுற கார்டு) ஒண்ணு வாங்கி அப்பா பாக்கெட்ல போட்டு, முதல் நாலு தடவை நீங்களே கூடப் போங்க, நடந்தோ பஸ்லயோ அவரே போய்ட்டு அவரே வர்ற ஒரு இடம் கட்டாயம் இருக்கணும். ரிச்மண்ட் ஹில் கோயிலுக்கு சனி ஞாயிறு நீங்க கார்ல கூட்டிட்டுப் போறதெல்லாம் சரிதான், ஆனா அது உங்க சௌகரியத்துக்கு நடக்கிறது, அவர் நினைச்சப்ப நடக்கிறது இல்ல. தமிழ்ப் பெரியவங்க கூடுற இடம் அக்கம்பக்கத்துல எங்கன்னு இப்பவே தேடுங்க. நிறைய பேர் யாழ்ப்பாணத் தமிழ் பேசுவாங்க, உங்கம்மாவுக்கு முதல் வாரம் பாதி புரியாது, மூணாவது வாரம் ஆமாங்கிறதுக்கு "ஓம், ஓம்"னு அவங்களே சொல்ல ஆரம்பிச்சிடுவாங்க, எங்கம்மா சொன்னாங்க. பேஸ்மென்ட்ல மட்டும் தங்க வைக்காதீங்க, படியும் ஆகாது, வெளிச்சமும் இல்ல. 911-க்கு போன் பண்ணி "தமிழ்"னு ஒரு வார்த்தை சொன்னா மொழிபெயர்க்கிறவங்களை லைன்ல இணைப்பாங்கன்னு அம்மாவுக்கு சொல்லிக் கொடுங்க.

விசா பக்கம் வருவோம். சூப்பர் விசா 10 வருஷம் வரைக்கும் கொடுப்பாங்க, 2022 ஜூலைலேர்ந்து ஒரு தடவை வந்தா 5 வருஷம் வரை தொடர்ந்து இருக்கலாம், நாங்க வாங்கினப்ப ரெண்டு வருஷம்தான். உங்க வருமானம் குடும்ப எண்ணிக்கைக்கு ஏத்த குறைஞ்சபட்ச அளவுக்கு இருக்கணும், அந்த எண்ணிக்கைல வரப்போற அப்பா அம்மாவையும் சேர்த்துக்கணும். அவங்களுக்கு மெடிக்கல் டெஸ்ட் உண்டு. இதெல்லாம் பேப்பர் வேலை, பண்ணிடுவீங்க. பெர்மனன்ட்டா ஸ்பான்சர் பண்ணலாமேன்னு யாராவது சொல்லுவாங்க, 2020-ல பேர் கொடுத்து வச்ச கூட்டத்துலேர்ந்துதான் 2025 வரைக்கும் குலுக்கல்ல கூப்பிட்டுட்டு இருந்தாங்க, கூப்பிட்டாலும் ஒன்டாரியோல 20 வருஷத்துக்கு அவங்க செலவுக்கு நான் பொறுப்புன்னு கையெழுத்து போடணும். அதை நம்பி இப்ப எதையும் முடிவு பண்ண வேணாம்.

இன்சூரன்ஸ்லதான் நீங்க நிஜமாவே கண்ணைத் திறந்து வச்சுக்கணும். சூப்பர் விசால வந்தவங்களுக்கு ஓஹிப் (ஒன்டாரியோ அரசோட மருத்துவக் காப்பீடு) கிடையாது, ஆஸ்பத்திரிக்குப் போனா முழு பில்லும் உங்க தலைல. அதனால ஆளுக்கு குறைஞ்சது 1,00,000 டாலர் கவரேஜ், ஒரு வருஷத்துக்கு எடுத்தாத்தான் விசாவே. ரெண்டு பேருக்கும் சேர்த்து வருஷத்துக்கு சில ஆயிரம் டாலர் ஆகும், ஸ்டென்ட்டும் சுகரும் இருக்கிறதால இன்னும் ஏறும். இதுல "ஸ்டேபிள்"னு ஒரு வார்த்தை வரும் தம்பி, ஏற்கனவே இருக்கிற வியாதி பாலிசி ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி இத்தனை நாள் மாற்றமே இல்லாம இருந்திருக்கணும்னு அர்த்தம், எத்தனை நாள்ங்கிறது பாலிசிக்குப் பாலிசி மாறும். எங்கம்மாவுக்கு கிளம்ப ஒரு மாசம் இருக்கிறப்ப ஊர் டாக்டர் பிபி மாத்திரையை கொஞ்சம் கூட்டிக் கொடுத்தார், நல்லதுக்குத்தான். இங்க வந்து அஞ்சாவது மாசம் தலை சுத்தி எமர்ஜென்சில சேர்த்தோம், கிளெய்ம் போட்டா "மாத்திரை மாறியிருக்கு, ஸ்டேபிள் இல்ல"ன்னு திருப்பி அனுப்பிட்டாங்க, பில் முழுக்க நாங்கதான் கட்டினோம். விக்கிறப்ப அந்த ஏஜென்ட் அண்ணா இதை வாயால ஒரு தடவை கூட சொல்லல. அதனால எல்லா வியாதியையும் மறைக்காம எழுதுங்க, ஏற்கனவே இருக்கிற வியாதிக்கு கவர் உண்டான்னு எழுத்துல வாங்குங்க. கிளம்புற சமயத்துல டாக்டர் மருந்தை மாத்தினா கம்பெனிக்கு உடனே சொல்லுங்க, தேவைப்பட்டா பயணத்தைத் தள்ளிப் போடுங்க, பாலிசிக்காக மருந்தை மாத்தாம மட்டும் இருந்துடாதீங்க.

அப்புறம் இது எமர்ஜென்சிக்கான இன்சூரன்ஸ், மாசாமாசம் சுகர் டெஸ்ட், கண்ணாடி, பல் எல்லாம் கைக்காசு. மாத்திரை 90 நாளைக்கு கொண்டு வரலாம், ஊர் டாக்டர் சீட்டோட, கைப்பைல, லக்கேஜ்ல போடக்கூடாது. அது தீர்ந்தா ஊர் சீட்டை வச்சு இங்க ஃபார்மசில வாங்க முடியாது, வாக்-இன் கிளினிக்ல காசு கட்டி இங்க உள்ள டாக்டர் எழுதிக் கொடுக்கணும். பிளைட்ல வீல்சேர் கேட்டு புக் பண்ணுங்க, நடக்க முடிஞ்சாலும் பரவால்ல, நடுவுல இறங்கி மாறுற ஏர்போர்ட்ல பாஷை தெரியாம நிக்கிறதுக்கு ஒரு ஆள் கூட வந்தா தெம்பு.

அப்பா தபால் துறைங்கிறதால வருஷா வருஷம் நவம்பர்ல லைஃப் சர்டிபிகேட் கொடுக்கணும், இல்லன்னா பென்ஷன் நின்னுடும். இங்க இருந்தா டொரான்டோ இந்தியன் கான்சுலேட் மூலமா பண்ணலாம், மறந்துடாதீங்க. அந்த பென்ஷன்தான் அவர் கையில இருக்கிற அவரோட சொந்தக் காசு. எனக்குத் தெரிஞ்சு நிறைய அப்பாக்கள் இங்க வந்ததும் சுருங்கிப் போறதுக்குக் காரணம் குளிரே இல்ல, ஒரு டீ குடிக்கணும்னா கூட பையன்கிட்ட காசு கேக்கணுமேங்கிறதுதான். கேக்காமலே பர்ஸ்ல கொஞ்சம் டாலர் வச்சிடுங்க.

வீட்டை விக்கிறது பத்தி உங்க மாமா சொன்னது, கேக்கவே வேணாம். வீடு அவங்களோடது, விக்கிறதா வேணாமாங்கிறது அவங்க பேச்சு, உங்க மாமா பேச்சும் இல்ல உங்க பேச்சும் இல்ல. திரும்பிப் போக ஒரு வாசல் இருக்குன்னு தெரிஞ்சாதான் உங்க அப்பா இங்க வந்து நிம்மதியா உக்காருவார். பூட்டி வச்சிட்டு வாரத்துக்கு ஒரு தடவை கூட்டிப் பெருக்க ஆள் போடுங்க, கரண்ட் பில் கட்டுங்க. அடுத்த மகாமகம் 2028-ல வருது, 12 வருஷத்துக்கு ஒரு தடவை தன் வீட்டு வாசல்ல நடக்கிறதை விட்டுட்டு டிவில பார்க்கச் சொல்லாதீங்க. "மகாமகத்துக்கு நாங்களும் வர்றோம், சேர்ந்தே போலாம்"னு சொல்லிப் பாருங்க, அவர் "வரமாட்டேன்"ல எவ்வளவு பாக்கி இருக்குன்னு அப்ப தெரியும்.

உங்க மனைவி கேட்டதுல எனக்கு ஒரு தப்பும் தெரியல, கோச்சுக்காதீங்க. வயித்துல பிள்ளையோட இருக்கிற பொண்ணு, வீட்டுல ரெண்டு பேர் கூடப் போறாங்கன்னா எவ்வளவு நாள்னு கேக்கத்தான் செய்வா. உங்க அம்மாவுக்கும் அந்தத் தேதி வேணும், எவ்வளவு நாள்னு தெரிஞ்சாதான் எத்தனை புடவை எடுத்து வைக்கிறதுன்னு தெரியும். மே மாசத்துலேர்ந்து அக்டோபர் வரைக்கும்னு வைங்க, ரிட்டர்ன் டிக்கெட்டோட. அக்டோபர்ல நாலு பேரும் உக்காந்து பேசுங்க. இருக்கேன்னா குளிர் கோட்டு வாங்குங்க, போறேன்னா டிக்கெட் கையில இருக்கு, விசா 10 வருஷத்துக்குக் கிடைச்சிருந்தா மறுபடி மே மாசம் வரலாம். இப்படி ஆறு மாசம் அங்க ஆறு மாசம் இங்கன்னு ஓட்டுற குடும்பம் எங்க தெருவுலயே இருக்கு. செலவுதான், ஆனா ரெண்டு பக்கமும் முகம் மலர்ந்து இருக்கு.

அம்மாகிட்ட தனியா பேசுங்க. அப்பா பக்கத்துல இருக்கிறப்ப ஸ்பீக்கர்ல போட்டு "என்னம்மா வர்றியா"ன்னு கேட்டா அவங்க என்ன சொல்லுவாங்க பாவம். அப்பா வெளில போற நேரம் தெரியுமில்ல, அப்ப கூப்பிடுங்க, கேட்டுட்டு சும்மா இருங்க, நடுவுல நீங்க பேசாதீங்க.

மே வரைக்கும் என்ன பண்றதுன்னு கேப்பீங்க. இந்த வாரமே ஊர்ல ஒரு ஆளைப் பிடிச்சு அந்த பாத்ரூம் சுவத்துல ரெண்டு கைப்பிடிக் கம்பி அடிக்கச் சொல்லுங்க, தரைக்கு வழுக்காத மேட் போடச் சொல்லுங்க, ராத்திரி எரிய ஒரு சின்ன லைட். தாழ்ப்பாள் வெளிலேர்ந்தும் திறக்கிற மாதிரி மாத்திடுங்க. பக்கத்து வீட்டுல யாராவது ஒருத்தர் நம்பரை வாங்கி வச்சுக்கோங்க, அப்பா நாலு நாள் கழிச்சு சொல்றதை அவங்க நாலு மணி நேரத்துல சொல்லிடுவாங்க.