தெரபியை எடுங்கள், பேக்கேஜை எடுக்காதீர்கள்

கேள்வி: எனக்கு வயது 38. சில மாதங்களாகத் தூக்கம் சரியில்லை. சின்ன விஷயத்துக்கும் எரிந்து விழுகிறேன். உடம்பில் கோளாறு எதுவும் இல்லை, கவுன்சலிங் போய்ப் பாருங்கள் என்றார் டாக்டர். நேரில் போகக் கூச்சம். ஆன்லைனில் தேடினால் ஒரு செயலி, 'இன்றைக்கே 12 செஷன் பேக்கேஜ் எடுத்தால் பாதி விலை' என்கிறது. எடுக்கலாமா? எடுத்த பிறகு என்னதான் நடக்கும்?

பதில்: தெரபியை, அதாவது பேச்சு வழிச் சிகிச்சையை எடுங்கள், பேக்கேஜை எடுக்காதீர்கள். செயலி வெறும் கதவு. நீங்கள் காசு கொடுப்பது கதவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவரின் நேரத்துக்கு. அவர் யார், உங்களுக்கு ஒத்துவருவாரா என்று தெரியும் முன்னே 12 தடவைக்குக் கட்டுவது ஆழம் பார்க்காமல் காலை விடுகிற வேலை. ஒரு செஷனுக்கு மட்டும் கட்டுங்கள். ஒற்றை செஷன் தரமாட்டோம் என்றால் வேறு இடம் பாருங்கள். அந்த 'இன்றைக்கே'யும் எனக்குப் பிடிக்கவில்லை. தூக்கமில்லாமல் தவிப்பவரிடம் கடிகாரத்தைக் காட்டி விற்பது என்ன வியாபாரமோ!

பணம் கட்டுமுன் ஆளை விசாரியுங்கள். மனநல மருத்துவர் என்பவர் மருத்துவம் படித்தவர், மருந்து எழுதுவார். பேச்சு வழியே சிகிச்சை தருபவர் பெரும்பாலும் உளவியலாளராகவோ பயிற்சி பெற்ற ஆலோசகராகவோ இருப்பார். 'லைஃப் கோச்' என்று யார் வேண்டுமானாலும் பலகை மாட்டிக்கொள்ளலாம். ஆகவே என்ன படிப்பு, எந்த அமைப்பில் பதிவு, பதிவு எண் என்ன என்று கேளுங்கள். கேட்டதோடு விடாமல், அந்த அமைப்பின் பட்டியலில் நீங்களே தேடிப் பாருங்கள். அவர் வேறு மாநிலத்திலோ நாட்டிலோ இருந்தால், உங்கள் ஊரில் இருப்பவருக்குச் சிகிச்சை தர அவருக்கு அனுமதி உண்டா என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. பல இடங்களில் உரிமம் எல்லை தாண்டிச் செல்லாது. இதையெல்லாம் கேட்டதற்கே முகம் சுளிப்பவரிடம் மனதைத் திறந்து பேச முடியுமா என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

முதல் செஷனுக்கு முன் படிவம் வரும். அதில் பெரும்பாலும் பிஹெச்க்யூ-9, ஜிஏடி-7 என்ற இரண்டு கேள்வித்தாள்கள் இருக்கும். முன்னது மனச்சோர்வுக்கு, 9 கேள்விகள், மொத்தம் 27 மதிப்பெண். பின்னது பதற்றத்துக்கு, 7 கேள்விகள், 21 மதிப்பெண். கடந்த 2 வாரங்களில் எப்படி இருந்தீர்கள் என்பதுதான் இரண்டிலும் கேட்கப்படுவது. 10 அல்லது அதற்கு மேல் வந்தால் கவனிக்க வேண்டும் என்று அர்த்தம், அவ்வளவே. நோய் இன்னது என்று அந்த எண் சொல்லிவிடாது. பரீட்சை என்று நினைத்து நல்ல மார்க் வாங்கப் பார்க்காதீர்கள். சில வாரம் கழித்து அதே தாளை மறுபடி நிரப்பச் சொல்வார்கள். முன்னேற்றம் தெரிவது அப்போதுதான். தொடக்கத்தில் மழுப்பினால் பின்னால் ஒப்பிட ஒன்றும் இருக்காது.

செஷன் வழக்கமாக 45 முதல் 50 நிமிடம். முதல் நாள் அவர்தான் கேள்வி கேட்பார்: தூக்கம், குடி, சாப்பிடும் மருந்துகள், குடும்பம், இதற்கு முன் சிகிச்சை எடுத்ததுண்டா, ஏன் இப்போது வந்தீர்கள். முடிந்ததும் 'நான்தான் கதை சொன்னேன், அவர் ஒன்றுமே சொல்லவில்லையே' என்று தோன்றும். பலருக்கும் தோன்றுவதுதான், அதற்காக விட்டுவிடாதீர்கள். இப்போது எந்த முகவரியில் இருக்கிறீர்கள், அவசரத்துக்கு யாரை அழைக்கலாம் என்றும் கேட்பார். வேவு பார்க்கிறார் என்று எண்ண வேண்டாம். திரைக்கு அப்பால் இருப்பவர், உங்களுக்கு ஒன்று என்றால் உதவி அனுப்ப வேண்டுமே. கேட்காமல் விட்டால்தான் குறை. லைன் துண்டித்தால் யார் யாரை அழைப்பது என்பதையும் அப்போதே பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் தனியறை இல்லையா? ஹெட்போன் போட்டால் அவர் பேசுவது வெளியே கேட்காது, நீங்கள் பேசுவது கேட்கும். கதவுக்கு வெளியே மின்விசிறியை ஓடவிட்டால் அந்த இரைச்சல் உங்கள் குரலை ஓரளவு அமுக்கும். நிறுத்திய காரில் உட்கார்ந்து பேசுவோரும் உண்டு. திரையில் உங்கள் முகம் உங்களுக்கே தெரிவதை மறைத்துவிடுங்கள். நாம் அழுவதை நாமே பார்த்துக்கொண்டு பேசுவது கஷ்டம். செஷன் முடிந்த கையோடு ஆபீஸ் மீட்டிங் வைக்காதீர்கள், கால் மணி நேரமாவது சும்மா இருங்கள்.

எத்தனை செஷன்? எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றிக்கொள்ளப் பழக்கும் சிபிடி எனப்படும் முறையில் பொதுவாக 6 முதல் 20 வரை ஆகும், நடுவில் வீட்டுப்பாடமும் உண்டு. மூன்று நான்கு தடவை பேசியும் எதை நோக்கிப் போகிறோம் என்பது புரியவில்லை என்றால் நேராகவே கேளுங்கள். ஒத்துவரவில்லை என்றால் அதையும் சொல்லலாம், வேறொருவரிடம் மாறுவது இந்தத் தொழிலில் சகஜம். அப்படி மாறும்போது பேக்கேஜ் பணம் என்ன ஆகும்? அதனால்தான் ஒற்றை செஷன் என்றேன்.

உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் மட்டும் அடுத்த செஷனுக்குக் காத்திருக்கக் கூடாது. அவசர எண்ணை அழையுங்கள், அல்லது பக்கத்து மருத்துவமனைக்குப் போங்கள். செயலிகள் அந்த நேரத்துக்கானவை அல்ல.

கேள்வி: நான் சொல்வது ரகசியமாக இருக்குமா?

பதில்: தெரபிஸ்ட் காப்பாற்றுவார். உங்கள் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து, குழந்தை வதை போன்ற சில விஷயங்களில் மட்டும் அவர் வெளியே சொல்ல நேரும். எவை எவை என்று முதல் நாளே விளக்க வேண்டியது அவர் கடமை.

கம்பெனி கதை வேறு. பெட்டர்ஹெல்ப் என்ற பெரிய ஆன்லைன் தெரபி தளம், ரகசியம் என்று வாக்களித்துவிட்டு வாடிக்கையாளர் விவரங்களை விளம்பரத்துக்காக ஃபேஸ்புக், ஸ்னாப்சாட் போன்றவற்றுக்குக் கொடுத்தது என்று அமெரிக்க அரசின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான ஃபெடரல் டிரேடு கமிஷன் 2023-இல் குற்றம் சாட்டியது. தவறை ஒப்புக்கொள்ளாமலே 78 லட்சம் டாலர் தர அந்தத் தளம் சம்மதித்தது. ஆகவே பதிவு செய்யும்போது தனி இமெயில் கொடுங்கள், ஃபேஸ்புக் கணக்கு வழியே நுழையாதீர்கள். செஷன் பதிவாகிறதா, கணக்கை மூடினால் குறிப்புகள் எத்தனை வருடம் இருக்கும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: மாதச் சந்தாவில் 'எவ்வளவு மெசேஜ் வேண்டுமானாலும் அனுப்பலாம்' என்கிறார்களே, லாபம்தானே?

பதில்: அனுப்புவதற்குத்தான் அளவில்லை. பதில் ஒரு நாளைக்கு எத்தனை முறை வரும், வார இறுதியில் வருமா என்று கேட்டுப் பாருங்கள். சந்தா தானாகப் புதுப்பிக்கும் தேதியைக் காலண்டரில் குறித்துவையுங்கள். போனிலிருந்து செயலியை நீக்கினால் சந்தா நிற்காது. ரத்து செய்துவிட்டு, உறுதி செய்யும் இமெயில் வந்ததா என்று பார்த்த பிறகே நீக்குங்கள். குறித்த நேரத்துக்கு வர முடியாவிட்டால், பொதுவாக 24 மணி நேரம் முன்னதாகச் சொல்லாத செஷனுக்கு முழுக் கட்டணமும் பிடிப்பார்கள். அதில் சண்டை போட இடமில்லை, அந்த நேரத்தை தெரபிஸ்ட் உங்களுக்காகவே ஒதுக்கி வைத்திருந்தார்.