தரமிறக்கத்தின் விளிம்பில் நிற்கும் அணியின் மேலாளரை எப்படி மதிப்பிடுவது?

கீழ்ப் பிரிவுக்கு இறக்கப்படும் கடைசி மூன்று இடங்களுக்குள் ஒரு கால்பந்து அணி புள்ளிப்பட்டியலில் இருந்தால் மேலாளர் தோல்வியடைந்துவிட்டார் என்று கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கொள்ள முடியாது, அவர் கையில் இருந்த வீரர்களையும் பணத்தையும் கணக்கில் எடுத்த பிறகே அந்த இடத்துக்குப் பொருள் உண்டு.

இங்கிலாந்தின் பர்ன்லி அணியையும் அதன் மேலாளராக இருந்த ஷான் டைச்சையும் எடுத்துக்கொள்வோம். 2014-15 பருவத்தில் 33 புள்ளிகளுடன் அந்த அணி முதல் பிரிவான பிரீமியர் லீக்கிலிருந்து இறங்கியது. ஆனாலும் நிர்வாகம் அவரை நீக்கவில்லை. அடுத்த பருவத்திலேயே இரண்டாம் பிரிவான சாம்பியன்ஷிப்பை வென்று மேலேறிய அணி, 2017-18இல் பிரீமியர் லீக்கில் ஏழாம் இடத்தைப் பிடித்தது. அந்தப் பொறுமையை நான் மிகவும் மதிக்கிறேன்.

2022 ஏப்ரலில் எட்டு ஆட்டங்களே மீதமிருந்தபோது, அணி 18ஆம் இடத்தில் இருக்க, நிர்வாகம் அவரை நீக்கியது. இடைக்காலப் பொறுப்பேற்ற மைக் ஜாக்சனின் கீழ் முதல் நான்கு ஆட்டங்களில் 10 புள்ளிகள் கிடைத்ததால் முடிவு சரியென்றே தோன்றியது. ஆனால் அடுத்த நான்கில் ஒரு புள்ளி மட்டுமே கிடைக்க, அணி அதே 18ஆம் இடத்தில் முடித்து இறங்கியது. மோசமான தொடருக்குப் பின்தான் பெரும்பாலும் மேலாளர்கள் நீக்கப்படுகிறார்கள் என்பதால், யார் வந்தாலும் ஓரளவு ஏற்றம் இயல்பாகவே வரும். அதைப் புதியவரின் திறமையாகக் கணக்கிடுவது தவறு.

புள்ளிகளைக்கூட அப்படியே எடுத்துக்கொள்ள இயலாது. 2023-24இல் டைச் மேலாளராக இருந்த எவர்ட்டன் அணி ஆடுகளத்தில் ஈட்டியது 48 புள்ளிகள். நிதி விதிமீறலுக்காக 8 குறைக்கப்பட்டதால் பட்டியலில் நின்றது 40. மேலாளரை மதிப்பிட நான் எடுத்துக்கொள்வது அந்த 48ஐத்தான்.