வெற்றிகரமான தொழில்முனைவோருக்கு என்னென்ன குணங்களும் திறமைகளும் வேண்டும்?

துணிச்சல், உழைப்பு எல்லாம் சரிதான். ஆனால் பண வரவைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கும் பழக்கத்தைத்தான் நான் முதலில் வைப்பேன். சரக்குக்கு 15 நாளில் பணம் கட்ட வேண்டும், வாடிக்கையாளரோ 60 நாள் கழித்துத்தான் தருவார் என்றால், கணக்கில் லாபம் இருந்தும் சம்பளம் போடக் கையில் காசு இருக்காது. விற்பனை கூடக்கூட இந்த நெருக்கடியும் கூடும். நன்றாக ஓடும் தொழில்களே இங்கேதான் தடுமாறுகின்றன.

அப்புறம் விடாமுயற்சி. தூசிப் பையில்லாத வாக்குவம் கிளீனருக்காக பிரிட்டிஷ் கண்டுபிடிப்பாளர் ஜேம்ஸ் டைசன் 5,127 சோதனை மாதிரிகள் செய்தார். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம் என்று சோதித்துப் பார்த்தார். வெறும் பிடிவாதத்தால் இது வராது.

விற்கவும் தெரிய வேண்டும். வாடிக்கையாளரிடம் “இது பிடித்திருக்கிறதா?” என்று கேட்காதீர்கள். “இப்போது இந்தப் பிரச்சினையை எப்படிச் சமாளிக்கிறீர்கள், எவ்வளவு செலவாகிறது?” என்று கேளுங்கள்.